பக்கத்து வீட்டையும் கட்டினோம்

அட்டையில் ஒரு வீடு செய்து வரச் சொல்லியிருந்தார் எங்கள் வகுப்பு ஆசிரியை. நோர்வேயில், ரொம்சோஸ் என்ற இடத்தில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்தைச் செய்வதென்றால் ஒரு சப்பாத்துப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாலே போதும். எனக்கோ புகைபோக்கி உள்ள வீடுதான் வேண்டும். நல்லவேளையாக, அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் மிகப் பழைய வீடொன்றில் வாடகைக்கு இருந்தார். அவர் அனுப்பிய படத்தைப் பார்த்துக் கட்டத் தொடங்கினேன்.

அது உண்மையில் இரட்டை வீடு. ஒரே வைக்கோல் கூரையின் கீழ் இரண்டு குடித்தனம். வெள்ளைச் சுவரில் கறுத்த மரச்சட்டங்கள். வாசல்கள் வீட்டின் இரண்டு அந்தங்களிலும். நடுவில் இரண்டு வீட்டு அடுப்புக்கும் பொதுவாக ஒரு தடித்த புகைபோக்கி. நான் பெரியம்மாவின் பாதியை மட்டும் கட்டினேன். கூரையை வைத்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

"பாதிக் கூரை நிக்காது, பிள்ளை. பக்கத்து வீட்டையும் கட்டு," என்றார் அப்பா. சொன்னதோடு நிற்காமல், வாசலில் கிடந்த தும்புக் கால்மிதியைக் கத்தரித்து வைக்கோலும் தயாரித்துவிட்டார்.

அந்த வீட்டைப் பற்றிக் கேட்க அம்மா பெரியம்மாவை வீடியோவில் அழைத்தார். அது அப்போது ஆளில்லாமல் இருந்தது. பெரியம்மா போனை அதன் சன்னலில் வைத்துக் காட்டினார். எல்லாம் அவர் வீடு போலத்தான்; இடது பக்கம் மட்டும் வலது பக்கமாக மாறியிருந்தது.

"அக்கா, குசினிக்கை வெயில் வருமோ?" என்று அம்மா சமையலறையைப் பற்றிக் கேட்டார்.

"பின்னேரத்திலை நல்லா வரும்."

"பள்ளிக்கூடம் கிட்டவோ?"

"அம்மா, பள்ளிக்கூடம் எல்லாம் நான் கட்டப் போறேல்லை!" என்றேன்.

அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "உனக்கு அந்த வீட்டிலை இருக்க விருப்பமோ?"

"அங்கை ஸ்னோ கொட்டுமோ?"

"இஞ்சை மாதிரிக் கொட்டாது."

"அப்ப வேண்டாம். நான் எங்கை சறுக்குறது?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு, "கேட்டியள்தானே அக்கா," என்று அம்மா சிரித்தார். பெரியம்மாவும் சிரித்தார். அதன் பிறகு அம்மா என் பக்கத்தில் வந்திருந்து, பக்கத்து வீட்டின் மரச்சட்டங்களைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாகக் கறுப்பு மையில் கீறித் தந்தார். பெரியம்மாவின் பாதியைவிட அதுதான் வடிவாக வந்தது.

அந்தச் சனிக்கிழமை அம்மா முதன்முதலாக என் சறுக்குப் பலகையில் பின்னால் ஏறி, கத்திக்கொண்டே சரிவில் இறங்கினார். குளிரென்றால் முகம் சுளிப்பவர், அன்று இன்னொருக்கால், இன்னொருக்கால் என்று கேட்டார்.

ஸ்னோவின் மேல் அம்மாவுக்குத் திடீரென ஆசை வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நாங்கள் இனி எந்த நாட்டில் இருப்பது என்று வீடு கட்டிய அன்று அப்பாவும் அம்மாவும் என்னிடம் கேட்டதும், நான் பதில் சொன்னதும், அப்போது எனக்குத் தெரியவே தெரியாது.