பள்ளி வாசலில் காத்திருந்த பிள்ளை

மும்பையை அடுத்த வாஷியில் உள்ள மறுவாழ்வு இல்லத்திலிருந்து நான் திரும்பியபோது, அண்ணன் என்னைத் தாராவியில் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டான். பிரவுன் சுகர் என்ற போதைத்தூளைத் தொடாமல் மாதங்கள் ஓடின. மதினிக்கு நம்பிக்கை வந்து, மாஹிமில் முதல் வகுப்பு படித்த மகளைக் கூட்டி வரும் வேலையை என்னிடம் விட்டாள்.

ஒரு மதியம் நான் பள்ளிக்குப் போகும் வழியில், சாண்ட்விச் கடைக்காரர் ஃபாயில் தாளைச் சர்ரென்று கிழித்தார். முன்பெல்லாம் அப்படியொரு தாளில்தான் தூளைச் சூடாக்கிப் புகையை இழுப்பேன். சத்தம் கேட்டதுமே வாயில் எச்சில் ஊறியது. நேரே பள்ளிக்குப் போய்விடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கால்கள் பொட்டலம் விற்கும் ரயில் பாதைப் பக்கம் போயின.

பள்ளிக் காவலாளி போன் செய்ய, மதினிதான் ஓடிப்போய்க் குழந்தையைக் கூட்டி வந்திருக்கிறாள். நான் வீடு சேர்ந்ததும் என் கண்ணைப் பார்த்தாள்.

"சாப்டியளா தம்பி?"

அவ்வளவுதான் கேட்டாள். அடித்திருந்தால் தேவலை.

மறுநாள் அண்ணன் என்னை வாஷிக்கு இழுத்துக்கொண்டு போனான். மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"போதையோட சேர்ந்து வந்த சத்தம், வாசனை, இடம் எல்லாத்தையும் மூளை படிச்சு வெச்சிருக்கு. பழக்கத்த விட்டாலும் அந்தப் பாடம் அழியாது. அதே சத்தம் கேட்டா, யோசிக்கறதுக்கு முன்னாடியே ஆசை கிளம்பிடும். அதைத் தடுக்கற பகுதி இவருக்கு இன்னும் தேறல."

"அப்போ இவன் மேல தப்பே இல்லங்கியளா?" என்றான் அண்ணன்.

"ஆசை வந்தது தப்பில்ல. வந்ததும் உங்களுக்கு போன் பண்ணணும். அதைத்தான் பழகணும்."

அண்ணன் முகம் தெளிந்தது. எனக்குத் தெளியவில்லை. பிள்ளையை நான் மறந்திருக்கவில்லை. பொட்டலத்தை வாங்கும்போதும் அவள் ஞாபகம் இருந்தது. 'கொஞ்ச நேரம் நிக்கட்டுமே' என்றுதான் நினைத்தேன். டாக்டரிடம் அதைச் சொல்ல நா எழவில்லை. திரும்பும் ரயிலில், குர்லா வருவதற்குள் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்:

"ஒம் மதினிட்ட இதச் சொல்லிராதல."

இப்போது மருந்து சாப்பிடுகிறேன். மனம் அலைந்தால் அண்ணனுக்கு போன் செய்கிறேன். பள்ளிக்கு மதினியே போகிறாள். அன்றொரு நாள் பக்கத்து வீட்டுக்காரம்மா, "ஒஞ் சித்தப்பா ஏன் வரதில்ல?" என்று கேட்டாள். பிள்ளை பட்டென்று சொன்னது:

"சித்தப்பாக்கு தபியத் சரியில்ல."

எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லும்படி யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வெளியே வர முடியவில்லை.