மருமகள் கற்றுத்தந்த மொழி

சின்னமனூரைச் சுற்றியுள்ள ஊர்களில் முப்பத்திரண்டு வருடம் கிராம செவிலியராக வேலை பார்த்தேன். ஊசி போட்டதைவிட, ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லிப் பேசியதுதான் அதிகம். ரோட்டில் நின்றபடியே திராட்சைத் தோட்டத்துக்குள் வேலை செய்கிற பெண்ணைக் கூப்பிட்டு, சத்து மாத்திரை சாப்பிடுகிறாயா என்று விசாரிப்பேன். இந்தத் தொண்டை இல்லாமல் ஆஸ்பத்திரி என்ன செய்யப்போகிறதோ என்று நான் ஓய்வுபெற்ற அன்று டாக்டரம்மா சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறு வருடம் மகனுக்குத் திருமணம். பெண் தேனியில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறவள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. போடியில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கும் என் மகன், லேபிள் அடிக்கப் போன இடத்தில் அவளைப் பார்த்திருக்கிறான். சைகை மொழியை ஓரளவு படித்த பிறகுதான் என்னிடம் விஷயத்தைச் சொன்னான்.

நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேச ஆரம்பித்தேன். மகன் ஒருநாள் பொறுமையாகச் சொன்னான்: “நீ கத்துனாலும் அவளுக்குக் கேக்காதும்மா.”

அதன்பின் ஒரு நோட்டு வாங்கினேன். நான் எழுதுவேன், அவள் பதில் எழுதுவாள். அவளுக்கு முதல் மொழி கைதான். தமிழை அதற்குப் பின் பள்ளியில்தான் படித்திருக்கிறாள். அதனால் இரண்டு மூன்று சொற்களில் முடித்துவிடுவாள். எனக்கு அது போதுமென்று தோன்றியது. அவளுக்குப் போதுமா என்று யோசிக்கவில்லை.

ஒருநாள் மகன் வேலைக்குப் போன பிறகு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். நோட்டில், “வயிறு நேற்று. இன்று அதிகம்” என்று எழுதினாள். மாதவிலக்கு வலி என்று நானாக முடிவு செய்து வெந்தயமும் மோரும் கொடுத்தேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டி, கைகளால் என்னவோ திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் சிரித்த முகத்தோடு சரி சரி என்று தலையசைத்தேன். மதியம் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்தாள். அப்போதுதான் அடிவயிற்றின் வலப்பக்கம் கைவைத்து அழுத்தி எடுத்தேன். அவள் துடித்ததைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆட்டோ பிடித்து தேனிக்குக் கொண்டுபோனேன். குடல்வால். அன்றே அறுவை சிகிச்சை நடந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்றார்கள்.

மறுநாள் வார்டில் மகன் அவளோடு கைகளால் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினான். “காலையிலயே வலது பக்கம் குத்துதுன்னு சொன்னாளாம். நீ சரி சரின்னு தலையாட்டுனியாம்.”

அவன் குரலில் கோபம் இல்லை. எங்கன வலிக்குது என்று எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டவள் நான்! என் வீட்டுப் பெண்ணிடம் கேட்கத் தெரியவில்லை.

அவள் வீடு திரும்பி நடமாடத் தொடங்கியதும், “எனக்குச் சொல்லிக்கொடு” என்று நோட்டில் எழுதி நீட்டினேன். இரண்டு முறை படித்தாள். பிறகு நோட்டை என் கையிலிருந்து வாங்கி, பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, என்னைத் தன் எதிரே உட்காரவைத்தாள்.

ஐம்பத்தொன்பது வயதில் விரல்கள் லேசில் வளையவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பதாக நினைத்து, ஒரு வாரம் அவளிடம் பல் தேய்த்தாயா என்று கேட்டிருக்கிறேன். அவளும் ஒவ்வொரு வேளையும் தேய்த்துவிட்டேன் என்று பதில் சொல்லியிருக்கிறாள். மகன் சொல்லித்தான் தெரிந்தது. மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். விரலைவிட முகம்தான் கஷ்டம். புருவம் அசையாவிட்டால் அது கேள்வியே ஆகாது. நோயாளி பயந்துவிடக் கூடாதென்று முகத்தை அசையாமல் வைத்தே பழகியவள் நான். கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்தேன். சில மாதங்களில் எனக்கு ஒரு சைகைப் பெயர் வைத்தாள்: கையில் ஊசி குத்துவதுபோல ஒரு சின்ன அசைவு.

போன வருடம், என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் செவிலியர் போன் செய்தார். பொட்டிப்புரம் பக்கத்திலிருந்து காது கேளாத கர்ப்பிணி ஒருத்தி வந்திருக்கிறாள், எதைக் கேட்டாலும் அவளுடைய அம்மாவே பதில் சொல்கிறார் என்றார். “அக்கா, ஒங்க மருமகளக் கூட்டிட்டு வாறீகளா?”

போனோம். அந்தப் பெண் பள்ளிக்கே போனதில்லை. வீட்டுக்குள் பழகிய சைகைகள்தான் தெரியும். என் மருமகள் அவசரப்படாமல் படம் வரைந்தும் நடித்தும் காட்டி, அரை மணி நேரத்தில் அவளைப் பேசவைத்துவிட்டாள். அந்தப் பெண் முதலில் கேட்டது, வயிற்றுக்குள் துள்ளுகிறதே, அது நோயா என்பதுதான். குழந்தை என்று தெரிந்ததும் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

என் காலத்திலும் இப்படி ஒருத்தி இருந்தாள். மாதாமாதம் அவள் அம்மாவிடமே எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன். அவள் எதற்குப் பயந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் இதை மருமகளிடம் கைகளாலேயே சொன்னேன். நடுவில் இரண்டு சைகை தப்பாகப் போயிருக்கும். அவள் திருத்தவில்லை, கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் இருவரும் போகிறோம். பேசுகிறவள் அவள். எனக்குப் புரியாததை வீட்டுக்கு வந்து கேட்கிறேன். எத்தனை முறை கேட்டாலும் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது என் பாக்கியம்.