வழுக்கி விழுந்ததாகச் சொன்ன அப்பா

பூம்பாறையிலிருந்து கொடைக்கானலுக்கு அப்பா காரை ஓட்டிவந்தபோது, ஒரு வளைவில் பூண்டு ஏற்றிய பிக்கப் எங்கள் மீது மோதியது. அப்பாவின் வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. பிக்கப் ஓட்டுநர் எங்கள் ஊர்ப் பையன். "கேஸாச்சுன்னா லைசென்ஸ் போயிரும் மாமா. இன்சூரன்ஸ் எப்படியும் குடுத்துரும்" என்று அழுதான். பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கவே, எல்லோரும் சேர்ந்து வண்டிகளை ஒதுக்கிவிட்டார்கள். நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

மருத்துவமனையில் மருத்துவர் கேட்டதும், நான் வாய் திறப்பதற்குள், "தோட்டத்துல வழுக்கி விழுந்துட்டேங்க" என்றார் அப்பா.

"ஏன்ப்பா பொய் சொல்றீங்க?"

"சும்மா இரு தாயி. நாளைக்கி அவன் மூஞ்சில முழிக்கணும்ல."

நானும் மருத்துவரிடம் அதைத் திருத்தவில்லை.

விபத்தே நடக்கவில்லை என்று பிக்கப்பின் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுத்துவிட்டது. அப்பா சொன்னதை எழுதிய மருத்துவமனைச் சீட்டுதான் அவர்களுக்கு ஆதாரம். தாமதமாகப் புகார் கொடுத்து வழக்கு நடத்துகிறோம். ஜெயிப்பது கஷ்டம் என்கிறார் வக்கீல். இதற்கிடையே பணமில்லாமல் இரண்டாவது அறுவை சிகிச்சை தள்ளிப்போனதில், அப்பாவின் கால் மடங்காமலே போய்விட்டது. இனி அவரால் தோட்டத்தில் இறங்க முடியாது.

இப்போது ஊரில் யாருக்கு விபத்து என்றாலும் நானே போகிறேன். வண்டியை நகர்த்தும் முன் படம், அன்றே போலீஸில் புகார், மருத்துவரிடம் நடந்தது நடந்தபடி. "அவன் நம்மாளும்மா" என்று தயங்குபவர்களை, எங்கள் வீட்டுக்குப் போய் அப்பா நடப்பதைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.