பாக்கியராஜ் சொல்ல இருந்தது

நைனா முகமது சார்ஜாவில் இருபத்துநான்கு வருடம் ஏசி வேலை பார்த்தவர். சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. திரும்பி வந்தபோது ஊரில் கட்டாமல் பெரம்பலூரில் வீடு கட்டினார். கீழே ஏசி, ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் கடை. முதல் மாடியில் குடும்பம். அதற்கு மேலே ஷீட் போட்ட நீளமான ஒரு ஹால். "மேல எதுக்கு இம்புட்டு பெரிய ரூமு?" என்று மனைவி ஜரீனா கேட்டதற்கு, "பேசறதுக்கு" என்றாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் ஜரீனா தலையில் அடித்துக்கொள்வார்.

எனக்கு எதிர் வரிசையில் ஜெராக்ஸ் கடை. அந்த ஹாலில் ஐந்து வருடம் பாயில் உட்கார்ந்து பேச்சுக் கேட்டவன் நான். ஆகவே நடந்தது ஓரளவு எனக்குத் தெரியும்.

பேச்சு தொடங்கியது சார்ஜாவில்தான். எட்டுப் பேர் தங்கிய அறை. அதில் நைனாவுக்கு மேல் கட்டிலில் பாக்கியராஜ். வரதராஜன்பேட்டைக்காரர், கத்தோலிக்கர், அதே கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். அங்கே அப்போது வெள்ளிக்கிழமைதான் லீவு. பள்ளிவாசலில் ஜும்மா, சர்ச்சில் பூசை, இரண்டும் அன்றைக்கே. இருவரும் ஒரே குளியலறை வாசலில் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். குளித்து, துவைத்த சட்டை போட்டு, தெருமுனையில் ஆளுக்கொரு பக்கம் பிரிவார்கள். மத்தியானம் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் பாக்கியராஜ் கேட்பார்: "என்ன நைனா, இன்னிக்கு உங்க இமாம் என்ன சொன்னாரு?" நைனா சொல்வார். பிறகு பாக்கியராஜ் தன் சாமியார் சொன்னதைச் சொல்வார். பன்னிரண்டு வருடம் இப்படி.

நைனா திரும்பி இரண்டு வருடம் கழித்து பாக்கியராஜும் ஊர் திரும்பினார். மனைவி அனிதா மேரி அரியலூரில் டீச்சர் என்பதால் அங்கேயே குடியேறினார். 2019 பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ் ஏறி பெரம்பலூர் வந்தார். இருவரும் மாடியில் உட்கார்ந்து பேசினார்கள். ஏதோ பில் கொடுக்கப் போன நானும் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த மாதம் ஏழு பேர். கொரோனா முடிந்த பிறகு முப்பது பேர் வரைகூட வந்ததுண்டு. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, நாலரை மணி. ஜரீனா சுண்டலும் டீயும் மேலே அனுப்புவார். பேர் எதுவும் வைக்கவில்லை. ஜனங்கள் "மாடிக் கூட்டம்" என்றார்கள்.

நைனா வைத்த சட்டம் ஒன்றுதான். அவரவர் தன் சாமியைப் பற்றிப் பேசலாம். அடுத்தவர் சாமியைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், பதில் சொல்லக் கூடாது. கருவூல ஆபீசில் கிளார்க்காக இருக்கும் பூங்குழலி, வாலிகண்டபுரத்துக்காரர், தேவாரம் பாடுவார். பாடி முடித்ததும் நைனாதான் முதலில் கேட்பார்: "இந்த ரெண்டாவது வரி என்னம்மா, மறுபடி சொல்லு." பாக்கியராஜ் நன்றாகப் பேசுவார். தவக்காலத்தில் வாயைக் கட்டுவது பற்றி ஒருமுறை அரைமணி நேரம் பேசிவிட்டு, முடித்த கையோடு மூன்று கப் சுண்டல் சாப்பிட்டார். எல்லோரும் சிரித்தோம்.

2024 ஜூலைக் கூட்டத்தில் பயத்தைப் பற்றிப் பேச்சு. அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக பாக்கியராஜ் பேசவில்லை. முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டும்போது படிக்கட்டருகே நின்று சொன்னார்.

"அடுத்த மாசம் நான்தான் பேசுவேன். ஒரு விசயம் சொல்லணும். எல்லாரும் வந்துடுங்க."

"இப்பவே சொல்லுங்களேன் சார்" என்றார் பூங்குழலி.

"இல்லம்மா. மொதல்ல வூட்டுல சொல்லணும்."

பஸ் ஸ்டாண்டு வரை நைனா பைக்கில் கொண்டுபோய் விட்டார். வழியில் கேட்டிருக்கிறார். "உன்கிட்டயும் இப்ப சொல்ல மாட்டேன். சொன்னா நீ வேணாம்ப" என்று தோளைத் தட்டிவிட்டு பாக்கியராஜ் பஸ் ஏறினார்.

பதினோராம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கீழே விழுந்தார். திருச்சி ஆஸ்பத்திரியில் இருபது நாள். மூளையின் இடது பக்கம் அடைப்பு. வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே சொல், "ஆமா". தண்ணீர் வேண்டுமா என்றால் ஆமா. வேண்டாமா என்றால் ஆமா. கோபம் வந்தாலும் ஆமா. நாம் பேசுவது எவ்வளவு புரிகிறது என்று சொல்ல முடியாது, பேச்சு வந்தாலும் வரும் என்றார் டாக்டர்.

அடுத்த மாதக் கூட்டத்தில் அவருக்காக எல்லோரும் வேண்டிக்கொண்டோம். அப்போதே ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "என்னவோ சொல்லணும்னாரே, என்னவா இருக்கும்?" அந்தக் கேள்வி மாடியிலிருந்து இறங்கித் தெருவுக்குப் போயிற்று. நானும் என் கடையில் ஒருவரிடம் சொன்னேன் என்பதை மறைக்கப் போவதில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்குள் அரியலூரில் அது வேறு உருவம் எடுத்திருந்தது. பாக்கியராஜ் முஸ்லிமாக மாற இருந்தார், அதைத்தான் அறிவிக்க இருந்தார், நைனாதான் மாற்றினார் என்று.

அக்டோபரில் ஒருநாள் அனிதா மேரி தனியாக பஸ்ஸில் வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து தமிழ் குர்ஆன் ஒன்றை எடுத்து நைனாவின் மேஜைமேல் வைத்தார். நிறைய இடங்களில் பென்சில் கோடு.

"இது நீங்க குடுத்ததாண்ணே?"

"ஆமாம்மா. சார்ஜாவுல குடுத்தேன். அவன் குடுத்த பைபிளும் என்கிட்ட இருக்கு. அதுலயும் கோடு போட்டிருக்கேன், எடுத்துட்டு வரவா?"

"வேணாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இவரு மாறப் போறதா இருந்தாரா?"

"அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாதும்மா."

"பன்னெண்டு வருசம் ஒரே ரூம்ல இருந்தீங்க. உங்களுக்குத் தெரியாம அவருக்கு என்னண்ணே இருக்கப்போவுது?"

ஜரீனா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அனிதா மேரி தொடவில்லை. பிறகு சொன்னார்: "சாயங்காலம் நான் ஜெபமாலை சொல்றப்ப பக்கத்துல உட்கார வெச்சுக்குறேன். ஒவ்வொரு தடவையும் 'ஆமா'ங்கறாரு. அது ஆமெனா, வெறும் ஆமாவான்னு எனக்குத் தெரியலண்ணே. அவங்க அக்கா வேற தெனமும் கேக்குறாங்க, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கல்லறைத் தோட்டத்துல எடம் குடுப்பாங்களான்னு. நான் என்னத்தச் சொல்லுவேன்?"

தனக்குத் தெரியாது என்பதைத் தவிர நைனாவிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அதை நம்பத்தான் ஆளில்லை.

அடுத்த ஞாயிறு அவர் அரியலூர் கிளம்பினார். துணைக்கு என்னையும் அழைத்தார். வீட்டில் பாக்கியராஜின் மூத்த அக்கா அமலோற்பவமேரி இருந்தார். தாயில்லாத தம்பியைப் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவர் அவர்தான் என்று நைனா வழியிலேயே சொல்லியிருந்தார். பாக்கியராஜ் ஜன்னல் பக்கம் சாய்வு நாற்காலியில் இருந்தார். நைனாவைக் கண்டதும் இடது கையை நீட்டினார். முகம் ஒரு பக்கமாகச் சிரித்தது. "ஆமா, ஆமா, ஆமா" என்றார். நைனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "நீங்களும் இருக்கீங்க, நல்லதாப் போச்சு. உங்க முன்னாலயே கேட்டுடறேன்" என்று தம்பியின் எதிரே வந்து நின்றார்.

"தம்பி, நீ இஸ்லாத்துக்கு மாற நெனச்சியா?"

"ஆமா."

அனிதா மேரி சுவரில் சாய்ந்தார்.

"இவரு உன்னை மாறச் சொன்னாரா?"

"ஆமா."

"அக்கா, அவனுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வருது" என்றார் நைனா. "நான் கேக்குறேன், பாருங்க. ராசு, வெளியில மழை பெய்யுதா?"

வெயில் ஜன்னலில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஆமா."

"நீ கப்பல் ஓட்டுனியா ராசு?"

"ஆமா."

"பாத்தீங்களாக்கா?"

"அது வேற, இது வேற" என்றார் அக்கா. "மழையும் கப்பலும் அவன் மனசுல இல்ல. இது மனசுல இருக்கறது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களும் அங்க போறவருதானே? உங்களுக்காச்சும் தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன். அந்தப் பேச்சைக் கடையில் வைத்துப் பேசியவன் நான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பாக்கியராஜ் எங்களை மாறி மாறிப் பார்த்தார். எங்கோ தப்பு நடக்கிறது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். இடது கையால் நாற்காலியின் கைப்பிடியை அடித்தார். "ஆமா! ஆமா!" கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நைனா தன் பையிலிருந்து நோட்டும் பேனாவும் எடுத்து அவர் இடது கையில் கொடுத்தார். பேனாவை அழுத்திப் பிடித்து ஒரு கோடு இழுத்தார். அதன்மேல் இன்னொரு கோடு. பக்கம் கிழியும் வரை கோடுதான். அனிதா மேரி அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வாசல் வரை வந்து அவர்தான் சொன்னார்: "கொஞ்ச நாளைக்கு வராதீங்கண்ணே. நீங்க கெட்டவர்னு சொல்லல. ஆனா வராதீங்க."

அந்தப் பக்கம் இப்படி என்றால் இந்தப் பக்கம் வேறுவிதம். லப்பைக்குடிக்காட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது யாரோ ஒருவர் நைனாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "மாஷா அல்லாஹ், ஒரு ஆளைக் கொண்டாந்துட்டீங்களாமே" என்றாராம். "இல்லீங்க, அப்படி ஒண்ணுமில்ல" என்றிருக்கிறார். "அட, பயப்படாதீங்க" என்று அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தாராம். பிரியாணி சாப்பிடாமலே எழுந்து வந்துவிட்டதாக ஜரீனாவிடம் சொல்லியிருக்கிறார்.

நவம்பரில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். மாடியில் மதமாற்றம் நடப்பதாக யாரோ மனு கொடுத்திருக்கிறார்கள், வருகிறவர்கள் பேர் விவரம் வேண்டும் என்றார். "பேரெல்லாம் எழுதி வெக்கிறதில்லீங்க சார். சுண்டல் குடுக்கிற கணக்குகூட இல்ல" என்றார் நைனா. வந்தவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் அவர் வந்துபோனது தெருவுக்கே தெரிந்துவிட்டது.

பூங்குழலி நைனாவின் கடைக்கு வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சார், நான் கவர்மெண்டு வேலையில இருக்கேன். கோவிச்சுக்காதீங்க."

"இதுல கோவம் என்னம்மா. நீ போயிட்டு வா."

டிசம்பர் கூட்டத்துக்கு நானும் இன்னொருவரும். நைனா எதிரே உட்கார்ந்தார். ஜரீனா வழக்கமான அளவுக்கே சுண்டல் செய்து அனுப்பியிருந்தார். ஜனவரியில் நானும் போகவில்லை. கடையில் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று நாலரை மணிக்கு அவர் மாடி ஜன்னல் திறப்பதும், ஆறு மணிக்கு மூடுவதும் என் கடையிலிருந்து தெரிந்தது. அத்தோடு கூட்டம் நின்றுபோயிற்று.

பாக்கியராஜ் விழுந்த பிறகான பத்து மாதத்தில் நைனா இளைத்துப்போனார். "அவன் என்ன சொல்ல இருந்தான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன்" என்பார். "ஒருவேளை எதாச்சும் வியாதியா? மறுபடி வெளிநாடு போறேன்னு சொல்ல இருந்தானா? இல்ல, அவங்க சொல்றதேதானா? அப்படியே இருந்தாலும் நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அதான் அவனே சொன்னானே, நீ வேணாம்பன்னு." இந்தக் கடைசி வாக்கியத்தை என்னைத் தவிர அவர் யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்தார். சொன்னால் பாக்கியராஜ் மாற இருந்தார் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும்.

மே மாதம் அனிதா மேரியே போன் செய்தார். பாக்கியராஜுக்குப் பேச்சுப் பயிற்சியில் சில சொற்கள் வந்துவிட்டன. தண்ணி, அனிதா, வேணாம், போ. "வாங்கண்ணே. நீங்க கேட்டா சொல்லுவாருன்னு நெனைக்கிறேன்." இந்த முறை நைனா தனியாகப் போனார். திரும்பி வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேட்பதற்கு அவருக்கு மனமே இல்லை. அனிதா மேரி எதிரே உட்கார்ந்து, கையை மடியில் கோத்து, நைனாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாராம். வேறு வழியில்லாமல் கேட்டார்.

"ராசு, நீ மாடியில ஒரு விசயம் சொல்லணும்னியே, அது என்னடா?"

பாக்கியராஜ் நெற்றியைச் சுருக்கினார். உதடு ஒன்றிரண்டு முறை கூடிப் பிரிந்தது. மனைவியைப் பார்த்தார், நண்பனைப் பார்த்தார். பிறகு "தெ... தெரில" என்றார். கொஞ்சம் பொறுத்து, தெளிவாகவே, "தெரியல" என்றார்.

"மறந்துட்டாரா, சொல்ல மாட்டேங்கறாராண்ணே?" என்று அனிதா மேரி கேட்டார்.

"எனக்கும் தெரியலம்மா."

அனிதா மேரி எழுந்து போய் டீ போட்டார். மூவரும் குடித்தார்கள். பாக்கியராஜுக்கு அவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டார். "இனிமே நான் கேக்கல. நான் பாட்டுக்கு ஜெபம் சொல்லிக்கிட்டு இருக்கேன், அவரு பக்கத்துல இருக்காரு, அவ்வளவுதான்" என்றாராம். ஆனால் அக்கா விடுவதாயில்லை. மாதம் ஒருமுறை வந்து தம்பியிடம் அதே கேள்வியைக் கேட்கிறார். அன்றைய பதில் ஆமாவாகவும் இருக்கும், தெரியலயாகவும் இருக்கும்.

நைனா இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரியலூர் போய் வருகிறார். சாமி பற்றி இருவரும் பேசுவதில்லை. சார்ஜாவில் உடன் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று இவர் சொல்வார், அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

"தை மாசம் மறுபடி ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். வருவீங்களா?" என்று போன வாரம் என்னிடம் கேட்டார்.

"வரேங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு, "வாங்க" என்றார்.