சக்கரம் கழற்றாத வீடு

நார்மண்ட் கானியேயை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் நார்ம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் சக்கரக்காரன். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஆற்றோரமாக நிற்கிற அந்த முப்பது சொச்சம் டிரெய்லர் வீடுகளில் இன்னும் சக்கரம் கழற்றாத வீடு அவனுடையது மட்டும்தான். மற்றவர்கள் இழுத்து வந்து நிறுத்திய கையோடு சக்கரங்களை விற்றுவிட்டு, சிமெண்டுக் கல் அடுக்கி, படி கட்டி, பூச்செடியும் வைத்துவிட்டார்கள். வீடு அவரவருக்குச் சொந்தம். அடியில் கிடக்கும் மண் இன்னொருவருக்குச் சொந்தம், அதற்கு மாத வாடகை.

நார்ம் மரம் ஏற்றுகிற லாரிகளுக்கு பிரேக் பார்க்கிறவன். பனி உருகியதும் வீட்டுக்கு அடியில் டார்ச்சோடு ஊர்ந்துபோய் நாலு சக்கரத்தின் பேரிங்குக்கும் கிரீஸ் வைப்பான். வீட்டைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தில் எங்கே நிறம் மங்கினாலும் மேலேயே கறுப்புப் பெயிண்டை அப்புவான். பிறகு சுற்றிலும் ஒரு விரல் சந்துகூட இல்லாமல் பலகை அடித்து, நுழைகிற இடத்தில் பூட்டுப் போடுவான். சக்கரத்தை எவனாவது கழற்றிக்கொண்டு போய்விட்டால்?

அவன் அப்பா காகித ஆலையில் வேலை பார்த்தவர். ஆலை கொடுத்த வீட்டுக்கு வருடம் தவறாமல் கைக்காசில் வெள்ளையடித்தார். பாடுபட்டால் இந்த நாட்டில் சொந்த வீடு நிச்சயம், முதலாளியே ஒருநாள் எழுதிக் கொடுப்பான் என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆலையை மூடினார்கள். அடுத்த வாரமே கட்டில் தெருவுக்கு வந்துவிட்டது. அம்மா அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவினாள். நார்மும் சொந்த வீட்டுக்கு ஆசைப்பட்டான்தான். ஆனால் ஒருத்தன் போ என்றால், 'போடா' என்று சொல்லிவிட்டு வீட்டோடு போகிற மாதிரி வேண்டும் என்றிருந்தான்.

இந்த வசந்தத்தில் மண்ணுக்குச் சொந்தக்காரக் கிழவி அதை விற்கப்போவதாகச் செய்தி வந்தது. வாங்கப்போகிற கம்பெனியின் பையன் ஒருவன் புதுத் தொப்பியோடு வந்து வீடுவீடாக டோனட் கொடுத்தான்.

"எதுவும் மாறாது சார். நாமெல்லாம் ஒரே குடும்பம்."

"அப்படியா? உங்க அம்மா பேர் என்ன?"

"சார்?"

"குடும்பம்னியே. எடுத்துட்டுப் போ உன் பலகாரத்தை."

டோனட்டைப் பெட்டியோடு திருப்பிக் கொடுத்தான். அன்று மாலையே பள்ளிப் பேருந்து ஓட்டுகிற டோரிஸ் வந்து நின்றாள்.

"நார்ம், விக்கிறதுக்கு முன்னாடி குடியிருக்கிறவங்களுக்குச் சொல்லணும்னு இங்க சட்டம் இருக்கு. நாமளே சேர்ந்து கடன் வாங்கி மண்ணை வாங்கிடலாம். சனிக்கிழமை தேவாலயத்துல பீன்ஸ் விருந்து முடிஞ்சதும் கூட்டம். வர்றியா?"

"நாமன்னா யாரு? போன வருஷம் விருந்துக் காசுல பாதி எங்க போச்சு?"

"தேவாலயத்துக் கொதிகலன் வெடிச்சுச்சு, அதுக்குப் போச்சு. நீயும்தானே ரிப்பேர் பண்ணினே!"

"நான் ரிப்பேர் பண்ணினேன். காசை நான் பாக்கலையே."

"உன்கிட்ட பேசுறதுக்கு என் பஸ்கிட்ட பேசலாம். கடைசி வரிசை வீட்டுக்காரங்க ஏழு பேரும் உன்னைத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க. நார்ம் மாதிரி சக்கரம் வாங்கி மாட்டிக்கிட்டுக் கிளம்பிடலாம், எதுக்குக் கடன்ங்கிறாங்க."

"புத்திசாலிங்க" என்று கதவைச் சாத்தினான்.

மறுநாளே லூசியனுக்குப் போன் போட்டான். வீடு இழுத்துப் போகிற தொழிலில் தலைநரைத்தவன் லூசியன். வந்தான், பூட்டைத் திறக்கச் சொன்னான், சுத்தியலோடு அடியில் நுழைந்தான். முதலில் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தான்.

"அடேங்கப்பா, கல்யாணத்துக்கு ரெடியா வெச்சிருக்கே!"

பிறகு இரும்பில் ஒரு தட்டு. டங் என்று கேட்க வேண்டியது பொத்தென்று கேட்டது. இன்னொரு தட்டில் சுத்தியலின் முனை உள்ளேயே போய்விட்டது. பெயிண்ட் ஓட்டுக்குள்ளே செதில் செதிலாகத் துரு கொட்டியது.

"காத்துக்கு எங்க வழி விட்டே?"

"எதுக்குக் காத்து?"

"அடைச்சே வெச்சிருக்கே. மண்ணோட ஈரம் எங்க போகும்? உன் இரும்பைத்தான் தின்னிருக்கு. நாப்பது அடி இழுத்தேன்னா நடுவுல ஒடிஞ்சு, முன்பாதிதான் என்கூட வரும்."

நார்ம் குனிந்து அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். லாரிக்காரனிடம் இப்படி ஒரு இரும்பைக் கண்டிருந்தால் வண்டியை வெளியே விட்டிருக்க மாட்டான்.

"யார்கிட்டயும் சொல்லாதே."

"நான் எதுக்குச் சொல்றேன்?"

"சொல்லுவே. மூஞ்சியிலேயே தெரியுது" என்றான் நார்ம்.

சனிக்கிழமை தேவாலயத்தின் நிலவறையில் வெல்லப்பாகு பீன்ஸும் பன்றிக்கறியும் மணத்தன. நார்ம் தட்டு எடுக்காமல் சுவரோரம் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். யாராவது சிரிக்கிறார்களா? லூசியன் வாயைத் திறந்திருப்பானா? யாரும் சிரிக்கவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

டோரிஸ் பேசி முடித்தாள். பாதிக்கு மேல் கை வேண்டும். தூக்கியவை பதினாறு, போதாது. கடைசி வரிசைக்காரர்கள் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நார்ம் தூக்கலையே" என்றான் ஒருத்தன்.

"அவனுக்கென்ன, கொக்கியை மாட்டுவான், போயிடுவான்" என்றாள் டோரிஸ். சலித்துப்போன குரல்.

இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் மிஞ்சும், மண் போய்விடும். அவனுக்கு அப்பாவின் கட்டில் ஞாபகம் வந்தது.

"மண்ணை வாங்கினப்புறம் உங்கள்ல ஒருத்தரால அதை விக்க முடியுமா?"

"எல்லாரும் ஓட்டுப் போட்டாத்தான் முடியும்."

"தலைவி நினைச்சா?"

"தலைவின்னு யாரும் இன்னும் இல்ல. நான் பஸ் ஓட்டுறவ."

"சாவி யார்கிட்ட இருக்கும்?"

"எந்தச் சாவி? மண்ணுக்கு ஏதுய்யா சாவி?"

சிரித்தார்கள். நார்ம் தொப்பியைக் கழற்றினான்.

"என் வீடு நகராது. இரும்பு மக்கிப் போச்சு. நானேதான் அடைச்சு வெச்சு மக்க விட்டேன். சக்கரம் வாங்குற ஆளுங்க இருந்தா வாங்காதீங்க."

அவன் கையைத் தூக்கினான், முழுக்க இல்லை, தோள்வரைக்கும். கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. பின்னாலேயே இன்னும் மூன்று. பாதியைத் தாண்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை டோரிஸ் மிச்சமிருந்த பீன்ஸைப் பாத்திரத்தில் கொண்டுவந்தாள். நார்ம் வீட்டைச் சுற்றிப் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"எதுக்கு எனக்கு?"

"நேத்து நீ சாப்பிடல."

"நான் சாப்பிடலைன்னு நீ ஏன் பாத்துக்கிட்டிருந்தே?"

"தின்னுய்யா" என்று படியில் வைத்துவிட்டுப் போனாள்.

அவன் பீன்ஸை முகர்ந்து பார்த்து, ஒரு கரண்டி தின்று, சற்றுப் பொறுத்து இன்னொரு கரண்டி தின்றான். பலகை பிடுங்கிய இடத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். காற்று வீட்டுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போனது. வேறு யாராவது புகுகிறார்களா என்று இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.