ஃபேன் இல்லாத ஆம்ப்ளி

கல்பனாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று எங்கள் தெருவில் இன்னும் சிலர் பேசிக்கொண்டு திரிகிறார்கள். சுத்தப் பொய். நின்றது அவள். நான் அவள் புருஷன், அன்றைக்குப் பக்கத்திலேயே இருந்தவன், என்னைவிட யாருக்குத் தெரியும்?

திருத்தணியில் மலைக்குப் பின்பக்கம், ஆர்.கே.பேட்டை ரோட்டிலிருந்து இறங்கினால் எங்கள் தெரு. நான் மலையடிவாரத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன். கல்பனா பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண். அவள் வீட்டில் எல்லோரும் கரும்பு வெட்டக் கூலிக்குப் போனவர்கள். இவள் மட்டும் பள்ளிக்கூடம் முடித்த கையோடு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் போய் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி இங்கே வந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் குமரவேலிடம் வேலைக்குச் சேர்ந்தாள். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவது, கருகிப்போன ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து மறுபடி பாட வைப்பது அவள் வேலை. ஆம்ப்ளிஃபயர் என்று போர்டில்தான் எழுதியிருக்கும், எங்களுக்கு அது ஆம்ப்ளி. ஊரில் எந்த விசேஷத்தில் எந்தக் குழாய் கத்தினாலும் அதற்குப் பின்னால் அவள் கை பட்ட பெட்டி ஒன்று இருக்கும். பெயர் மட்டும் குமரவேலுக்கு.

போன வருஷம் சித்திரையில் எங்கள் தெரு கங்கையம்மன் ஜாத்திரை. என் நைனா சின்னசாமிதான் அந்தக் கோயிலுக்குப் பூசாரி. ஜாத்திரையில் முக்கியம் உச்சிவேளையில் நடக்கும் வர்ணிப்பு. பம்பைக்காரர்கள் அம்மனை உச்சந்தலையில் ஆரம்பித்துப் பாதம் வரைக்கும் ஒவ்வோர் அங்கமாக வர்ணித்துப் பாடிக்கொண்டு வருவார்கள். பாட்டு பாதத்தைத் தொட்டால்தான் அம்மன் யார் மேலாவது இறங்குவாள். நடுவில் அறுந்தால் அந்த வருஷம் அவள் வரவில்லை என்று அர்த்தம்.

அன்றைக்குப் பாட்டு அம்மனின் நெற்றிக்கு வந்தபோது கல்பனாவுக்குக் குமரவேலிடமிருந்து போன் வந்தது. பெரிய தெருவில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில் ஆம்ப்ளி புகைந்துவிட்டதாம். எங்கள் ஜாத்திரைக்கு வாடகைக்குப் போட்டிருந்த அவன் ஆம்ப்ளியைக் கழற்றி உடனே அங்கே கொண்டுவர வேண்டுமாம். பாட்டு முடியட்டும் என்றாள். பாட்டு கழுத்துக்கு இறங்கிய நேரம் அவனே பைக்கில் வந்து இறங்கி, பம்பைக்காரர் வாயைத் திறந்திருக்கும்போதே ஒயரைப் பிடுங்கினான். வேறு செட் உடனே அனுப்புகிறேன் என்றான். சாயங்காலம் வரைக்கும் ஒரு மண்ணும் வரவில்லை. அவனுக்கு மரியாதை வைத்து எழுத எனக்கு மனசில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

கடைச் சாவி கல்பனாவிடம் இருந்தது. அதைப் பைக் டேங்க்கின் மேல் வைத்துவிட்டு, நாளை முதல் கடையைத் திறக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பம்பைக்காரர்கள் வெறும் தொண்டையில் மீதியைப் பாடினார்கள். பின்னால் நின்றவர்கள் காதில் ஒன்றும் விழவில்லை. அம்மன் யார் மேலும் வரவில்லை. நைனா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அடுத்த நாளே கல்பனா பழைய இரும்புக் கடைக்குப் போனாள். ஏதோ ஒரு பேங்க்கில் கழற்றிப்போட்ட பெரிய யுபிஎஸ்ஸின் அலுமினிய ஹீட் சிங்க்கைத் தூக்க முடியாமல் தூக்கி என் ஆட்டோவில் போட்டாள். வரிசை வரிசையாகத் தகடு வைத்த கனமான பாளம் அது. டிரான்சிஸ்டர்களை அதன்மேல் திருகினால் அவற்றின் சூட்டை அது வாங்கிக் காற்றில் விட்டுவிடும். பெட்டிக்கு எங்கள் பழைய பீரோவின் கதவு போனது. துணியெல்லாம் அட்டைப்பெட்டிக்குக் குடிமாறியது.

ஃபேன் வைக்கப்போவதில்லை என்று அவள் சொன்னபோது நானே சிரித்தேன். எல்லா ஆம்ப்ளியிலும் பின்னால் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். குமரவேல் கடைக்கு வந்த செத்த ஆம்ப்ளிகளில் முக்கால்வாசி அந்த ஃபேனால்தான் செத்தன என்றாள். கோயில் வாசலில் வைக்கிற பெட்டி அது. ஃபேன் கற்பூரப் புகையையும் குங்குமத்தையும் விபூதியையும் இழுத்து இழுத்துத் தின்று, கடைசியில் பிசினாகி நின்றுவிடும். நின்றது யாருக்கும் தெரியாது, பெட்டி உள்ளுக்குள் வெந்துவிடும். ஆகவே தகடுகளை நெட்டுக்குத்தலாக நிறுத்தி, பெட்டியைக் கால் வைத்துத் தரையிலிருந்து உயர்த்தினாள். சூடான காற்று தானாக மேலே போகும், கீழிருந்து புதுக்காற்று தானாக ஏறும். அடுப்புப் புகை மேலே போவதற்கு யாராவது சுவிட்ச் போடுகிறார்களா என்று என்னைக் கேட்டாள்.

முதல் தடவை சுவிட்ச் போட்டதுமே ‘பட்’ என்று ஒரு சத்தம், ஒரு நாற்றம். டிரான்சிஸ்டரின் முதுகில் கரண்ட் இருக்கும். அது அலுமினியத்தில் படாமலிருக்க இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி மாதிரி மெல்லிய மைக்காத் தகடு ஒன்று வைப்பார்கள். துளை போட்ட இடத்தில் விரலுக்குக்கூடத் தட்டுப்படாத ஒரு பிசிறு நின்று அந்த மைக்காவைக் கிழித்திருக்கிறது. கல்பனா அழவில்லை. குமரவேலைத் திட்டினாள். அவனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் கேட்க எனக்கு நன்றாக இருந்தது. பிறகு எல்லாத் துளைகளையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது மைக்கா வைத்து, இரண்டு பக்கமும் சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசையை மெலிசாகத் தடவி மறுபடி திருகினாள்.

முழு வேகத்தில் ஓட்டிச் சூடு பார்க்க வேண்டும், ஆனால் ஸ்பீக்கர் போட்டால் தெருவே திரண்டு வந்துவிடும். அதனால் கரண்ட் அடுப்பின் ஸ்பிரிங்கை அளந்து வெட்டி, ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, ஸ்பீக்கருக்குப் பதில் அதைக் கோத்தாள். தகரக் கூரைக்குக் கீழே, பங்குனி வெயிலில், ஒரு சத்தமும் வராமல் பம்பைப் பாட்டு ஓடியது. வாளி மட்டும் ஆவி விட்டது.

"பாவா, தண்ணி காஞ்சிகினு கீது, போய்க் குளி," என்பாள். ஊர் உலகத்தில் பாட்டு காய்ச்சிய வெந்நீரில் குளித்த ஆண்பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சூடு எல்லை மீறினால் கரண்டைத் தானே அறுத்துவிடும் ஒரு வில்லையை ஹீட் சிங்க்கில் பொருத்தினாள். அறுபடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அந்த எச்சரிக்கையைக் கவனிக்காமல் விட்டு, வில்லை அறுத்துவிட்டால் பெட்டி ஆறுகிற வரைக்கும் பேச்சுமூச்சு இருக்காது.

இந்த வருஷ ஜாத்திரைக்குக் குமரவேல் செட் வேண்டாம் என்று தெருவில் முடிவு பண்ணிச் சொல்லியும் விட்டார்கள். ஃபேன் இல்லாத ஆம்ப்ளி சித்திரை வெயிலில் ஒரு பாட்டுகூடத் தாங்காது என்று அவன் டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். தாங்காவிட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்கும் தெரியும். எங்கள் தெருவுக்கு இனி எந்த செட்காரனும் ஒயர்கூடத் தரமாட்டான். கல்பனாவுக்கு ஊரில் எந்தக் கடையிலும் உட்கார ஸ்டூல் கிடைக்காது. அதைவிட, இரண்டாவது வருஷமும் அம்மன் வராமல் போனால் அதற்குக் காரணம் பூசாரி வீட்டு மருமகள் என்று ஆகிவிடும். நைனா அவளிடம் ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு இதில் இஷ்டமே இல்லை.

ஜாத்திரை அன்றைக்கு வெயில் கொன்றது. எங்கள் ஊரைச் செய்தியில் சொல்லாத சித்திரை கிடையாது, ஆனாலும் அது வேறு வெயில். குமரவேல் குட்டி யானை வண்டியில் தன் செட்டை ஏற்றிக்கொண்டு வந்து, தெருமுனைப் புளியமர நிழலில் நிறுத்திவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். கூப்பிடுவோம் என்று அவ்வளவு நம்பிக்கை.

பம்பை முழங்கியது. முதல் அடி குழாயில் வந்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவ்வளவு சுத்தமான சத்தம், அவ்வளவு தூரத்துக்கு. நைனா கர்ப்பக்கிரகத்து வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தெருக்கோடியில் ஒரு குழாயின் ஒயர் காற்றில் விட்டுவிட, நான் ஏணியோடு ஓடினேன். கல்பனா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது ஆம்ப்ளி இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் மூட்டை இருந்தது. நைனா அம்மன் மேலிருந்த மஞ்சள் துணியை எடுத்து, மஞ்சள் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தன் கையாலேயே ஆம்ப்ளியைச் சுற்றிக் கட்டியிருந்தார். தகடுகளின் சந்தெல்லாம் வேப்பிலைக் கொத்து. சூடாக இருந்ததாம், தொட்டுப் பார்த்தாராம். வேப்பிலையும் மஞ்சளும் தணிக்காத சூடு உண்டா? பூசாரி ஒருவர் ஒரு பெட்டிக்குச் செய்யக்கூடிய மரியாதை அதற்கு மேல் கிடையாது. ஒரு மாதம் பேசாதவர் அன்றைக்கு அப்படித்தான் மருமகளோடு பேசினார். கல்பனாவுக்கு அது புரிந்தது, அவள் முகத்திலேயே தெரிந்தது.

துணிக்குள் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாட்டு அப்போதுதான் அம்மனின் காதோலைக்கு வந்திருந்தது.

கல்பனா முடிச்சை அவிழ்க்கக்கூட நிற்கவில்லை. ஒரே இழுப்பு. வேப்பிலையை இரண்டு கையாலும் அள்ளி எடுத்தாள். கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டது. பம்பைக்காரர் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார், நல்லவேளை.

"இன்னாம்மா பண்ற," என்றார் நைனா.

"அம்மனுக்கு மூச்சு முட்டாது மாமா. இதுக்கு முட்டும்."

திரும்பக் கட்டு என்று நாலைந்து பேர் முன்னால் வந்தார்கள். அபச்சாரம், தெருவுக்கே ஆகாது என்றார்கள். நான் குறுக்கே போய் நின்றேன், ஆனால் என்னை யாரும் சட்டை செய்யவில்லை. கல்பனா அந்த ஈரத் துணியை உதறித் தன் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். வேப்பிலையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"துணிய நான் கீழ போடல. எம்மேல கட்டிகினு கீறேன். கேக்கறதுன்னா அவ வந்து என்னைக் கேக்கட்டும். நீங்க தள்ளி நில்லுங்க," என்றாள்.

நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அது அவளுக்கு வலித்தது. வலித்தும் பெட்டியை விட்டு அவள் நகரவில்லை. பாட்டு காதிலிருந்து கழுத்துக்கு இறங்கும்போது விளக்கு இன்னும் எரிந்தது. போன வருஷம் அறுந்த இடம் அதுதான். தெருமுனையில் குமரவேல் வண்டியை விட்டு இறங்கி நின்றான். பாட்டு தோளுக்கு வந்தது, வளைக்கு வந்தது. ஒட்டியாணத்துக்கு வரும்போது விளக்கு அணைந்தது. நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

பாட்டு பாதத்தைத் தொட்டதும் எங்கள் தெருக் கௌரியம்மாள் மேல் அம்மன் வந்தாள். பெண்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக ஆம்ப்ளியைப் பார்த்து ஓடிவந்தாள். தெருவே கல்பனாவுக்கு என்ன ஆகப்போகிறதோ என்று பார்த்தது. கல்பனா தலையில் துணியோடு அசையாமல் நின்றாள். அம்மன் அவள் இடுப்பிலிருந்த வேப்பிலையைப் பிடுங்கி வாயில் போட்டு மென்றுகொண்டே, கோயில் சுவருக்கு ஏன் இன்னும் சுண்ணாம்பு அடிக்கவில்லை என்று நாட்டாண்மையைப் பிடித்து உலுக்க ஆரம்பித்துவிட்டாள். ஆம்ப்ளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நைனா கற்பூரத்தட்டோடு வெளியே வந்தார். அம்மனுக்குக் காட்டினார், பம்பைக்காரர்களுக்குக் காட்டினார், கல்பனாவைத் தாண்டிப் போய்விட்டார். இன்றைக்கும் அவர் கோபம் முழுசாகத் தீரவில்லை. அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை.

கூழ் ஊற்றும்போது குமரவேல் வந்தான். குழாயில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். குனிந்து அடியில் பார்த்தான், ஃபேனைத் தேடியிருப்பான். அப்புறம் உள்ளங்கையை விரித்து ஹீட் சிங்க்கின் மேல் வைத்தான். சுடும் என்று நினைத்து வைத்த கை, எடுக்க வேண்டிய அவசியமே வராமல் அங்கேயே இருந்தது. சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைக்குத் திரும்பி வந்துவிடச் சொன்னான். பழையதை மறந்துவிடலாம், இனி போர்டில் அவள் பேரையும் சேர்த்தே எழுதலாம் என்றான். கை இன்னும் தகடுகளின் மேலேயே இருந்தது.

கல்பனா கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"கைய எடுங்கண்ணா," என்றாள். "காத்து மறையுது."