இஸ்பஹானுக்கு யார் போவது

இஸ்பஹான் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். ஊரின் மேல் குற்றமில்லை. பாரசீகத்தின் பழைய தலைநகரம், பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். என் ஓரகத்தி கொடுத்து வைத்தவள், பார்த்துவிட்டாள். நான் இன்னும் பார்க்கவில்லை.

வீரபாண்டியில் என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து பனியன் கம்பெனி நடத்துகிறார்கள். குழந்தைகள் துணிக்கு எங்களுக்கு ஆர்டர் கொடுப்பவர்களில் இஸ்பஹான்காரர் ஒருவர் உண்டு. அவருக்கு மெயில் போடுவது, சாம்பிள் அனுப்புவது, ஷேடு மாறிவிட்டால் சமாதானம் சொல்வது எல்லாம் நான்தான். கல்லூரியில் வரலாறு படித்தவள் வேறு, சும்மா இருப்பேனா? அவருடைய ஊரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஒரு ஷா தலைநகரையே அங்கே மாற்றிக்கொண்டு வந்து நடுவில் பெரிய சதுக்கம் கட்டினார். ஒரு பக்கம் அரண்மனை, எதிரே மினார் இல்லாத சின்ன மசூதி, தெற்கே பெரிய மசூதி, வடக்கே கடைவீதி. சின்ன மசூதியின் குவிமாடம் காலையில் சந்தன நிறமாக இருக்கும், சாயங்காலம் ரோஜா நிறமாகிவிடும். எங்கள் துணி அப்படி மாறினால் மொத்த லாட்டையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே அதைப் பார்க்க உலகமே போகிறது.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது அரண்மனை வாசலில் உள்ள வளைவு. அதன் ஒரு மூலையில் நின்று ரகசியம் பேசினால் எதிர் மூலையில் நிற்பவருக்குக் கேட்குமாம். நடுவில் நிற்பவருக்குக் கேட்காதாம். கூட்டுக் குடும்பத்தில் இருப்பவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த மூலையில் நின்று என் கணவரிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

இஸ்பஹான்காரர் மகள் கல்யாணத்துக்கு அழைத்தார். உங்கள் வீட்டிலிருந்து ஒரு ஜோடியாவது வரவேண்டும் என்று எழுதியிருந்தார். அந்த மெயிலைப் படித்துச் சொன்னவளும் நான்தான். இரண்டு ஜோடியும் போனால் கம்பெனியை யார் பார்ப்பது? சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமியார் என்னைத்தான் முதலில் கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் போறீங்களா கண்ணு?"

"அக்காவே போகட்டுமுங்க அத்தை."

இந்த வாயை என்ன செய்வது! எங்கள் பக்கத்தில் கேட்டவுடனே சரி என்று சொல்லக் கூடாது. விருந்தில் பாயசம் ஊற்ற வந்தாலும் "போதுமுங்க" என்று இலையைக் கையால் மறைக்க வேண்டும். மறுபடி கேட்பார்கள், மறுபடி மறைக்க வேண்டும். மூன்றாவது தடவை கை தானாக விலகும். பாயசம் வேண்டாம் என்று யாரும் நினைப்பதில்லை, எல்லாருக்கும் தெரிந்த மரியாதை அது. நானும் அந்தக் கணக்கில்தான் சொன்னேன். அத்தை அடுத்த தடவை கேட்பதற்குள் ஓரகத்தி தலையை நிமிர்த்தி, "செரிங்க அத்தை, நாங்களே போயிட்டு வர்றோம்" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. ஒப்புக்காவது ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? அன்று நான் சாப்பிட்ட சோறு உடம்பில் ஒட்டவில்லை.

அவள் ஊட்டியைத் தாண்டி எங்கும் போகாதவள். எதைப் பார்ப்பது, எப்படி நடந்துகொள்வது என்று என்னிடமே வந்து கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தேன். அந்த ஊரிலும் நம் ஊர் மரியாதைதான். கடைக்காரர் காசு வேண்டாம் என்பார், அதை நம்பித் துணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், மூன்று தடவையாவது நீட்டுங்கள் என்றேன். அதைச் சொல்லும்போது என் நிலைமையை நினைத்து எனக்கே சிரிப்பும் அழுகையும் வந்தது.

அங்கிருந்து தினமும் படம் வந்தது. மசூதியின் குவிமாடத்தை மறைத்துக்கொண்டு அவள் நிற்பாள். சுவரின் நீல ஓடுகளில் எழுதியிருப்பது பாதிதான் தெரியும், பட்டுச் சேலை முழுதாகத் தெரியும். முப்பத்து மூன்று வளைவுப் பாலத்தின் கீழே ஆறு வறண்டு கிடந்தது. நம்ம நொய்யலாட்டமே இருக்குது என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு படத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். நல்ல எண்ணமில்லைதான், ஆனால் அப்படித்தான் இருந்தது. அந்த ரகசிய மூலையில் இருவரும் நின்றார்களாம். எதிர் மூலையிலிருந்து அவள் கணவர் பேசியது தெளிவாகக் கேட்டதாம். என்ன பேசினார் என்று கேட்டேன்.

"சோறு எப்ப திங்கறதுன்னு கேட்டாரு கண்ணு."

அட கடவுளே! அந்தச் சுவர் இதற்காகவா இத்தனை காலம் நின்றது? எனக்குக் காதில் புகை வராத குறை.

திரும்பி வந்தவள் பிஸ்தா போட்ட மிட்டாயும் கட்டையால் அச்சடித்த மேஜை விரிப்பும் கொண்டுவந்தாள். விரிப்பைத் திருப்பிப் போட்டு, சாயம் பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காட்டினாள். நல்ல வேலைதான். ஆனாலும் அதை நான் மேஜையில் போடவில்லை, மடித்து பீரோவில் வைத்தேன்.

போன வாரம் மறுபடி மெயில் வந்தது. இப்போது அவர் மகனுக்குக் கல்யாணம். அத்தை சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை சரி என்று சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். வாய் திறந்தது.

"அக்காவே போகட்டுமுங்க."

சொன்ன வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஓரகத்தி என்னையே பார்த்தாள். கையிலிருந்த கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டுவிட்டாள்.

"அந்த விரிப்புக் கடைக்காரருக்கு நீ சொன்னாப்பலயே மூணு தடவ காசை நீட்டுனேன். ஊட்டுல இருக்கறவள ஒரு தடவைகூட நான் கேக்கல. இப்பக் கேக்கறேன், நீ போறியா?"

"போறேனுங்க்கா."

மூன்றாவது தடவை வரைக்கும் காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும்.

பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துவிட்டேன். நேற்று ஓரகத்தி என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அந்த மூலையில் நிற்கும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும், காதைச் சுவரை ஒட்டி வைக்க வேண்டும் என்று எழுந்து நின்று செய்து காட்டினாள். எனக்கு! அந்தச் சுவரைப் பற்றி இவளுக்குச் சொன்னதே நான். எனக்கு இவள் சொல்லிக் கொடுக்கிறாள். வயிறு பழையபடி எரிந்தது. ஆனால் அங்கே நின்று கேட்டவள் அவள்தானே? எந்த மூலை, வலதா இடதா என்று நானும் கேட்டுக்கொண்டேன்.